படைக்கு முன்னே போகும் மண்வெட்டி

கற்பனை உலகத்து ரோல்பிளே ஆட்டங்களில் படைப் பொறியாளர் பாத்திரத்தை எடுப்பவர்கள் பெரும்பாலும் வெடிமருந்துப் பையோடுதான் அவரைக் கிளப்பிவிடுகிறார்கள். கோட்டைச் சுவர் சரிய வேண்டும், பாலம் பறக்க வேண்டும், அதோடு அவர் கடமை முடிந்தது. தொழிலில் இருந்தவர்கள் சொல்லும் வரிசை வேறு. படையை நடக்க வைப்பது முதல் வேலை. தங்கும் இடத்தில் அதற்குத் தண்ணீரும் மறைப்பும் கொடுப்பது இரண்டாவது. எதிரியின் சுவரை உடைப்பது மூன்றாவது. அந்த மூன்றாவது வராமலே முடிந்த போர்களும் உண்டு. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் மிஞ்சுபவர் வாணவேடிக்கைக்காரர்தான்.

பாத்திரத்துக்கு முன்மாதிரி தேடி ஐரோப்பியக் கோட்டைகளுக்குப் போக வேண்டியதில்லை. காஞ்சிபுரத்திலிருந்து ஒரு நாள் நடைத் தூரத்துக்குள் எல்லாம் இருக்கிறது. இந்திய ராணுவத்தின் பழைய பொறியாளர் அணியான மதராஸ் சாப்பர்கள், இன்றைய பெயரில் மதராஸ் எஞ்சினியர் குரூப், தங்கள் பிறந்த நாளாகக் கொண்டாடுவது 1780 செப்டம்பர் 30. காஞ்சிபுரத்துக்கு வடக்கே சுமார் 15 கி.மீ. தள்ளியிருக்கும் புள்ளலூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஒரு படை முழுதாக அழிந்தது அதே மாதம் 10-ஆம் தேதி. இடையில் இருபதே நாள். அந்தத் தோல்வியில் எது எது இல்லாமல் போனது என்று பார்த்தால் படைப் பொறியாளரின் தொழில் என்ன என்பது தெரிந்துவிடும்.

தொழில் அதைவிட மிகப் பழையது. முற்றுகையிடுவதை உழிஞை என்றும் மதிலைக் காப்பதை நொச்சி என்றும் தமிழ்ப் புறப்பொருள் மரபு தனித்தனித் திணையாக வகுத்தது. அகழி, காவற்காடு, மதில் என்று கோட்டையை அடுக்கடுக்காகப் பார்த்த மரபு அது. சிலப்பதிகாரம் மதுரை மதில் மேல் இருந்த பொறிகளை நீளமாக அடுக்குகிறது: தானே வளைந்து எய்யும் வில், கல் எறியும் கவண், கொதிக்கும் எண்ணெய், உருக்கிய உலோகம். திருக்குறள் அரணுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்குகிறது. காஞ்சியின் பல்லவர்கள் இதைச் செயலில் காட்டினார்கள். புள்ளலூரில் தன் பகைவர்களை முதலாம் மகேந்திரவர்மன் வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. அவன் மகன் நரசிம்மவர்மன் காலத்தில், 642 வாக்கில், காஞ்சிப் படை சாளுக்கியரின் வாதாபியைப் பிடித்தது. பின்னாளில் சிறுத்தொண்ட நாயனாராக அறியப்பட்ட பரஞ்சோதி அந்தப் படையில் சென்றவர் என்பது பெரிய புராணச் செய்தி. காஞ்சிக்கும் வாதாபிக்கும் நேர்கோட்டில் அளந்தாலே ஐந்நூறு கி.மீ.க்கு மேல். யானையும் வண்டியும் தானியமும் அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்றால், வழியில் ஒவ்வோர் ஆற்றிலும் எவரோ இறங்கி ஆழம் பார்த்திருக்கிறார்கள். அவர்களை எந்தப் புலவரும் பாடவில்லை. ஆட்டத்தில் பாத்திரம் எழுதுபவருக்கு இது நல்ல வாய்ப்பு, ஏனென்றால் அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

கர்நாடகப் போர்களில் காஞ்சியின் கோயில்கள் கோட்டைகளாகப் பயன்பட்டன. உயர்ந்த கருங்கல் மதில், உள்ளே குளம், நெல் வைக்க மண்டபங்கள், ஊர் முழுக்கத் தெரியும் கோபுரம் என்று ஒரு தளபதி கேட்கக்கூடிய எல்லாம் அங்கே இருந்தன. 1751-இல் கம்பெனியை எதிர்த்த ராஜா சாகிபின் ஆட்கள் பெரிய கோயிலுக்குள் இருந்துகொண்டு சரணடைய மறுத்தபோது, கம்பெனியின் ராபர்ட் கிளைவ் சென்னையிலிருந்து 18 பவுண்டு குண்டு எறியும் பீரங்கிகளை வரவழைக்க வேண்டியதாயிற்று. சில நாள் அடியிலேயே மதில் பிளக்கத் தொடங்கியது. உள்ளே இருந்தவர்கள் இரவோடு இரவாக வெளியேறினார்கள். கோயில் மதில் திருடனையும் வெறும் கூட்டத்தையும் நிறுத்தக் கட்டியது. கருங்கல் கடினமாக இருப்பதே பீரங்கிக்கு முன் அதன் குறை: குண்டு பட்டால் சில்லுச் சில்லாகத் தெறிக்கிறது, அந்தச் சில்லுகள் உள்ளே நிற்பவரையே காயப்படுத்துகின்றன. அதே குண்டை ஈர மண் கரை விழுங்கிக்கொள்ளும். பீரங்கி பரவிய பிறகு ஐரோப்பாவில் கோட்டைகள் உயரம் குறைந்து, மண் முதுகு வைத்துத் தடித்ததற்குக் காரணம் இதுதான். ஏரிக்கரை தெரிந்த ஒருவருக்கு இதை யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

1780 ஜூலையில் மைசூரின் ஹைதர் அலி பெரும்படையோடு ஆற்காட்டு நவாபின் கர்நாடகத்துக்குள் இறங்கி ஆற்காட்டை முற்றுகையிட்டார். கம்பெனியின் இரண்டு படைகள் காஞ்சிபுரத்தில் சந்திப்பது திட்டம். சென்னையிலிருந்து சர் ஹெக்டர் மன்றோ சுமார் ஐயாயிரம் பேரோடு வந்தார். குண்டூர்ப் பக்கமிருந்து கர்னல் வில்லியம் பெய்லி ஏறத்தாழ 2,800 பேரோடு தெற்கே இறங்கினார். ஆகஸ்ட் 25 அன்று பெய்லி கொசஸ்தலை ஆற்றின் வடகரையை அடைந்தபோது ஆற்றில் தண்ணீர் அநேகமாக இல்லை. அவர் அன்றே கடக்கவில்லை. வடகரையிலேயே கூடாரம் அடித்தார். இரவில் வெள்ளம் வந்துவிட்டது. செப்டம்பர் முதல் வாரம் வரை படை அந்தக் கரையிலேயே கிடந்தது. மன்றோ காஞ்சியில் காத்திருந்தார். ஹைதரின் மகன் திப்புவுக்கு இடையில் புகுந்துகொள்ளத் தாராளமாக நேரம் கிடைத்தது.

புள்ளலூர்ப் போரைப் பற்றி எழுதுபவர்கள் மைசூர்ப் படையின் ராக்கெட்டில் தொடங்குகிறார்கள். படைப் பொறியாளர் கொசஸ்தலைக் கரையில் தொடங்குவார். தொண்டை மண்டலத்து ஆறுகள் மழை பெய்த இடத்தில் மட்டும் ஓடுபவை அல்ல. மேற்கே எங்கோ பெய்த மழை ஏரிகளை நிரப்பி, கலங்கல் வழிந்து, அந்த உபரி அடுத்த ஏரிக்கு இறங்கி, கடைசியில் ஆற்றுக்கு வரும். காவேரிப்பாக்கம் ஏரியின் உபரியும் கொசஸ்தலையில்தான் சேர்கிறது. தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும்போதே ஆறு பெருகிவரக்கூடும் என்பது கரையோர ஊர்களில் சிறுவர்களுக்கும் தெரிந்த விஷயம். ஆகவே இந்தத் தொழிலில் எழுதாத விதி ஒன்று உண்டு: வற்றிய ஆற்றை அந்தி சாய்வதற்குள் கடந்துவிட வேண்டும், கூடாரம் அக்கரையில்தான்.

ஆற்றைப் படிப்பதில் சில அடையாளங்கள் கைகொடுக்கும். கரைப் புதர்களில் சிக்கிய வைக்கோலும் சருகும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று பார்த்தால் சென்ற வெள்ளத்தின் மட்டம் தெரியும். அவை காய்ந்து வெளுத்திருந்தால் பழைய வெள்ளம், ஈரமும் பச்சையும் இருந்தால் புதியது. நீர் விளிம்பில் ஒரு முளைக்குச்சி அடித்து, ஒரு நாழிகை கழித்துத் திரும்பப் பார்ப்பது அடுத்தது. தெளிந்த நீர் திடீரென்று செம்மண் நிறம் கொண்டு, நுரையும் சுள்ளியும் மிதந்துவந்தால் மேலே பெருக்கு கிளம்பிவிட்டது என்று அர்த்தம். ஆழம் பார்க்க ஒருவர் இடுப்பில் கயிறு கட்டி, நீண்ட மூங்கில் கழியோடு இறங்குவார். நேராக நடக்காமல் நீரோட்டத்துக்குச் சற்றுச் சாய்வாக நடந்து, கால் வைக்கும் முன் கழியால் குத்திப் பார்ப்பார். கழி நறுக்கென்று நின்றால் கெட்டி மணல். மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் அது புதைமணல், வண்டிச் சக்கரம் அங்கே தாழும். கையேடுகள் சொல்லும் அளவு இப்படி: காலாட்படைக்கு மூன்றடி ஆழம், குதிரைக்கு நான்கடி, பீரங்கி வண்டிக்கு இரண்டரை அடி. நீரோட்டம் வேகமாக இருந்தால் இந்த அளவும் செல்லாது. பார்த்த வழியின் இரு ஓரமும் முளை அடித்துக் கயிறு கட்டுவதோடு வேலை முடியும். ஆட்டத்தை நடத்துபவர் விரும்பினால் இந்த ஒரு ஆற்றங்கரையிலேயே ஒரு மாலைப்பொழுது முழுவதையும் ஓட்டிவிடலாம். எந்த அரக்கனும் தேவைப்படாது.

மீதிக் கதை வேகமாக முடிந்தது. ஆற்றைக் கடந்த பெய்லியைச் செப்டம்பர் 6 அன்று பேரம்பாக்கத்தில் திப்பு தாக்கினார். அங்கிருந்து காஞ்சிக்கு இருபது கி.மீ. சொச்சம்தான், வெடிச்சத்தம் மன்றோவின் முகாமுக்கே கேட்டது. மன்றோ உதவிக்கு ஆயிரம் பேரைக் கர்னல் பிளெட்சரோடு அனுப்பினாரே ஒழியத் தான் நகரவில்லை. அவருடைய தானியமும் பெரிய பீரங்கிகளும் காஞ்சியில் இருந்தன, விட்டுப் போனால் இரண்டும் போய்விடும். உணவையும் சுமையையும் தன்னோடு நகர்த்த வழியில்லாத படை தன் மூட்டையிடமே சிறைப்பட்டுவிடுகிறது. 9-ஆம் தேதி இரவு பெய்லி புறப்பட்டு, பாதி வழியில் விடியட்டும் என்று நின்றார். விடிந்தபோது எதிரியின் பீரங்கிகள் பாதையைப் பார்த்து நின்றிருந்தன. புள்ளலூர் அருகே பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்தன. பிறகு நடந்தது போர் என்று சொல்லத்தக்கதாக இல்லை. பிளெட்சர் இறந்தார். பெய்லி சிறைப்பட்டு 1782-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்த வெற்றி பெரிய ஓவியமாக இருக்கிறது. வெடிக்கும் மருந்து வண்டியும் அதில் உண்டு.

கடைசியில் புறப்பட்ட மன்றோ தன் வழிகாட்டிகளால் தவறான பாதையில் இழுக்கப்பட்டார் என்றும், அவர்கள் ஹைதரின் ஆட்கள் என்றும் கம்பெனித் தரப்பில் எழுதினார்கள். இருக்கலாம். ஆனால் நெல் விளையும் தாழ்நிலத்தில் எந்த வரப்பு எங்கே போகிறது என்பதை அந்நியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலையில் ஒரு படை இருந்ததே, குறை அங்கேதான் இருக்கிறது. வழியை முந்திப் போய்ப் பார்த்து, அளந்து, படம் வரைந்து வைக்க அதற்கென்று ஆள் இல்லை. செய்தி உறுதியானதும் மன்றோ காஞ்சிக்குத் திரும்பி, இழுத்துப் போக முடியாத பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டு, செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார். இத்தனைக்கும் பக்சார் போரில் வென்ற தளபதி அவர்.

செப்டம்பர் 30 அன்று இரண்டு கம்பெனி மதராஸ் பயனியர்கள் நிரந்தரமாகத் திரட்டப்பட்டார்கள். அதற்கு முன்பும் படையோடு மண் வெட்டுபவர்கள் போனதுண்டு. போர் வந்தால் கூலிக்குச் சேர்ப்பார்கள், முடிந்தால் அனுப்பிவிடுவார்கள். கூலிக்கு வந்தவர் முதல் குண்டுச் சத்தத்தில் ஓடிவிட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. சம்பளம், சீருடை, சுபேதார், ஜமேதார் என்று ஒழுங்கான படையாக்கியதில்தான் மாற்றம் இருந்தது. மறு ஆண்டே, 1781 ஆகஸ்ட் 27 அன்று, சர் அயர் கூட் அதே புள்ளலூர்த் தரையில் ஹைதரோடு மோதினார். அதில் இறந்த இரண்டு கம்பெனி அதிகாரிகளின் நினைவுத் தூண்கள் ஊரில் இன்றும் நிற்கின்றன. ஒரு மாதம் கழித்து நடந்த சோளிங்கர்ப் போர் சாப்பர்களின் போர்ப் பெருமைப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. 1831-இல் பெயர் 'மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்' என்றாயிற்று. அதன் பின் சில ஆண்டுகளில் அணி பெங்களூருக்குப் போய் அங்கேயே நிலைத்தது. படையில் அவர்களுக்குச் செல்லப்பெயர் 'தம்பி'.

பயனியரின் கருவிகள் மண்வெட்டி, கடப்பாரை, கோடாரி, கூடை. பாத்திரத்தின் பைக்குள் இவற்றோடு அளவுக்கயிறு, முளைக்குச்சி, தூக்குக்குண்டு, ரசமட்டம் சேர்த்தால் போதும். வெடிமருந்து கடைசியாக வரட்டும். தோண்டுவது முரட்டு வேலை போலத் தோன்றினாலும் கணக்கு வேலைதான். பிரிட்டிஷ் காலக் களப்பொறியியல் கையேடுகள் ஓர் ஆளின் உழைப்பை இப்படி மதிப்பிட்டன: சாதாரண மண்ணில் முதல் மணி நேரம் முப்பது கன அடி, இரண்டாவதில் இருபத்தைந்து, மூன்றாவதில் பதினைந்து, நான்காவதில் பத்து. நான்கு மணி நேரத்தில் எண்பது கன அடி. முதல் மணியில் பார்த்த வேகத்தை வைத்து விடிவதற்குள் முடித்துவிடலாம் என்று நம்பும் அதிகாரி ஏமாறுவார். அதனால்தான் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுகிறார்கள். ஓர் ஆளுக்கும் அடுத்தவருக்கும் ஐந்து ஆறு அடி இடைவெளி வேண்டும். குறைந்தால் ஒருவர் கடப்பாரை இன்னொருவர் காலில் இறங்கும், கூடினால் இரவுக்குள் பள்ளம் இணையாது.

இரவில் தோண்டும் இடத்தை வெள்ளைத் துணி நாடா விரித்துக் குறிப்பார்கள். ஆட்களை வரிசையாக அழைத்துவந்து ஒவ்வொருவரையும் நாடாவின் மேல் நிறுத்தி, கருவியைத் தரையில் சத்தமின்றி வைக்கச் சொல்வார்கள். பேச்சும் பீடியும் கூடாது. முதல் கூடை மண்ணை எதிரி இருக்கும் பக்கமே கொட்ட வேண்டும். முழங்கால் உயரக் கரை ஏறியதும் படுத்துக்கொள்ளவாவது இடம் கிடைக்கும். கடப்பாரை கல்லில் பட்டால் எழும் சத்தம் இரவில் வெகுதூரம் கேட்கும். பழகிய கைகள் கல்லை இடிக்காமல் சுற்றிப் பறித்து எடுக்கும். புதிய ஆள் யார், பழைய ஆள் யார் என்பதை இருட்டிலும் காதாலேயே சொல்லிவிடலாம்.

முற்றுகையில் இந்தத் தோண்டல் ஒரு முறையாக வளர்ந்தது. பிரெஞ்சுப் பொறியாளர் வோபான் 1673-இல் மாஸ்ட்ரிக்ட் முற்றுகையில் கோட்டைக்கு இணையாகப் பள்ளம் வெட்டி, அங்கிருந்து கோணல்மாணலாக முன்னேறி, மறுபடி இணைப்பள்ளம் வெட்டும் வழியைக் கொண்டுவந்தார். கோணல் எதற்கென்றால், பள்ளம் நேராகக் கோட்டையைப் பார்த்துப் போனால் மதில் மேலிருந்து ஒரே குண்டு பள்ளத்தின் நீளம் முழுக்க உருண்டுவிடும். முன்னணியில் அடியில்லாத மூங்கில் கூடைகளை நிறுத்தி அவற்றுக்குள் மண் நிரப்பிக்கொண்டே நகர்வார்கள். இடைவெளியைச் சுள்ளிக்கட்டுகளால் அடைப்பார்கள். ஒரு முற்றுகைக்கு ஆயிரக்கணக்கில் கூடையும் கட்டும் வேண்டும், அத்தனையும் சுற்றுவட்டார மூங்கிலிலிருந்தும் புதரிலிருந்தும் வர வேண்டும். கூடை பின்னத் தெரிந்தவர் அந்த வாரம் வாள் வீரரைவிட விலை உயர்ந்தவர். ஆட்டத்தில் தொழிற்கருவித் தேர்ச்சி கேட்கும் இடத்தில் கூடை முடைவதை எழுதுபவரை மற்ற ஆட்டக்காரர்கள் கேலி செய்யக்கூடும். கோட்டை வரும்வரைதான்.

தென்னிந்தியக் கோட்டைகளில் அதைவிடக் கடினமானது பீரங்கியை மலையேற்றுவது. முற்றுகைப் பீரங்கி ஒன்று இரண்டு டன் கனக்கும். மூன்றாம் மைசூர்ப் போரில், 1791-இல், நந்திதுர்க்கத்தைப் பிடிக்கச் செங்குத்தான சரிவில் பாதை வெட்டி, யானைகளை வைத்துப் பீரங்கிகளை மேலே இழுத்தார்கள். வாரக்கணக்கில் போன வேலை அது. பாதை முடிந்த பிறகு மதில் உடைவது சில நாள் விஷயம். அக்டோபர் 19 அன்று கோட்டை விழுந்தது. டிசம்பரில் சாவன்துர்க்கத்தில் பாறையைவிட அடர்ந்த மூங்கில் காடே பெரிய தடையாக இருந்தது. இரண்டிலும் வரலாற்றுப் புத்தகம் ஏறிப் பாய்ந்தவர்களைப் பற்றி எழுதுகிறது. பாய்வதற்கு வேண்டிய பாதையை வெட்டியவர்களுக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம்.

1799-இல் மைசூரின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கம்பெனி முற்றுகையிட்டபோது நேரம் முழுவதும் காவிரியைப் பொறுத்திருந்தது. பருவமழை இறங்கி ஆறு பெருகுவதற்குள் முடிக்க வேண்டும். முடியாவிட்டால் தீவுக்கோட்டை தப்பிவிடும். மே 4 அன்று, பிளந்த மதிலை நோக்கிப் பாறைகள் துருத்திய ஆற்றுப் படுகையைக் கடந்து படை பாய்ந்தது. தலைமை தாங்கிய டேவிட் பேர்ட் புள்ளலூரில் சிறைப்பட்டு அதே ஊரில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்தவர். கொசஸ்தலையில் தண்ணீரைப் பார்க்கத் தவறிய கம்பெனி, பத்தொன்பது ஆண்டு கழித்துத் தண்ணீரைப் பார்த்தே நாள் குறித்தது.

போர் இல்லாத காலத்தில் இதே கைகள் சாலை போட்டன. 1830-களின் தொடக்கத்தில் நீலகிரிக்குக் குன்னூர் மலைப்பாதையை வெட்டியதில் பயனியர்களின் உழைப்பு உண்டு. கோதாவரியில் அணை கட்டிய ஆர்தர் காட்டனும் முல்லைப் பெரியாற்றில் அணை கட்டிய பென்னிகுயிக்கும் மதராஸ் ராணுவப் பொறியாளர் வழி வந்தவர்கள். 1895-இல் முடிந்த பெரியாற்று அணைக்கு மதராஸ் பயனியர் படையணிகளும் ஆள் கொடுத்தன. காஞ்சிப் பகுதிக்கு அதற்கு முந்தைய காலம் அவ்வளவு தாராளமாக இல்லை. ஹைதர் போருக்குப் பின் செங்கல்பட்டு ஜாகீர் பாழ்பட்டுக் கிடந்தது, ஏரிகள் கவனிப்பாரின்றித் தூர்ந்தன. 1790-களில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் ஏரிகளைச் செப்பனிடுவதில் முனைந்தார். மதுராந்தகத்து ஏரி காத்த ராமர் கதையில் வரும் துரை அவர்தான். கதையில் கரையைக் காத்தவர் ராமர். கரையில் மண் போட்டவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள்.

இருபதாம் நூற்றாண்டில் கருவிகள் மாறின. 1912-இல் பெங்களூரில் சாப்பர் அதிகாரி கேப்டன் மெக்ளின்டாக் ஒரு நீண்ட குழாய்க்குள் வெடிமருந்து அடைத்து, தூரத்திலிருந்தே தள்ளி வெடிக்கவைக்கும் கருவியைச் செய்தார். முள்கம்பித் தடைகளைப் பிளக்க உலகப் போர்கள் இரண்டிலும் பயன்பட்ட 'பெங்களூர் டார்பிடோ' அது. 1944-இல் இத்தாலியின் காசினோ மலைக்குப் பின்னால் ஆட்டுப்பாதை ஒன்றை டாங்கி போகும் பாதையாக அகலப்படுத்தியவர்களில் மதராஸ் சாப்பர்களும் உண்டு. மலைமேல் அந்தப் பாதை முடியும் திறந்தவெளிக்கு 'மெட்ராஸ் சர்க்கஸ்' என்று பெயர். மார்ச் 19 அன்று டாங்கிகள் அதில் ஏறி எதிரியைத் திகைக்க வைத்தன. ஆனால் கூடவே காலாட்படை அனுப்பப்படவில்லை. பல டாங்கிகளை இழந்து மீதி திரும்பின. பாதை போட்டவர்கள் தங்கள் பங்கை முடித்திருந்தார்கள்.

அதே ஆண்டு, அதே இத்தாலியில், மிக்னானோ அருகே கண்ணிவெடி அகற்றும் குழு ஒன்றில் சுபேதார் சுப்பிரமணியம் இருந்தார். காஞ்சிபுரத்தை அடுத்த கீழ்ஒட்டிவாக்கத்துக்காரர். கண்ணிவெடி எடுப்பது இந்தத் தொழிலின் மிக மெதுவான வேலை. மரப்பெட்டியில் வைத்த வெடி உலோகம் தேடும் கருவிக்குத் தெரியாது. அப்போது குப்புறப் படுத்து, துப்பாக்கி முனைக் கத்தியைச் சாய்வாக மண்ணில் செருகி, அங்குலம் அங்குலமாகத் துழாவ வேண்டும். செங்குத்தாகக் குத்தினால் வெடியின் தலையிலேயே குத்தியதாகிவிடும். துழாவி முடித்த இடத்துக்கு நாடா கட்டிவிட்டு அடுத்த அங்குலம். குழுவில் ஒருவர் கால் பட்டு ஒரு வெடி கிளம்பியது. அது வெடிக்க எடுக்கும் சில நொடி இடைவெளியில் சுப்பிரமணியம் அதன் மேல் விழுந்து மற்றவர்களைக் காத்தார். இறந்த பின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் பதக்கம் வழங்கப்பட்டது.

இனிப் பாத்திரத்தை எழுதுவது. 1974-இல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்ததிலிருந்து இந்த ஆட்டங்களில் பாத்திரத்துக்கு வகுப்பும் இனமும் உண்டு. பூர்வீகம் என்ற பகுதியின் இன்றைய வடிவம் பிற்பாடு வந்தது. படைக்கு வருமுன் அந்த ஆள் என்ன செய்துகொண்டிருந்தார் என்ற கேள்விக்குக் காஞ்சியில் நல்ல விடைகள் கிடைக்கும். ஏரிக்கரை வேலைக்குப் போனவர் மண்ணைக் கையில் பிசைந்தே களிமண்ணா வண்டலா என்பதைச் சொல்வார். கோயில் திருப்பணியில் இருந்த கல் தச்சருக்குக் கல்லின் ரேகை எங்கே ஓடுகிறது, உளி எங்கே வைத்தால் பிளக்கும் என்பது தெரியும். எதிரி மதிலைப் பார்த்ததும் அவர் கண் பூச்சில்லாத இணைப்பைத் தேடும். தறி செய்யும் மரத் தச்சருக்குப் பாலம் எளிது. நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஆயிரக்கணக்கான இழைகளைத் தவறாமல் எண்ணிப் பழகியவர், அளவெடுப்பதும் படம் வரைவதும் அவருக்குப் பொருந்தும். வாள் பிடித்த பரம்பரை எதுவும் இவருக்கு வேண்டியதில்லை. தென்னாட்டின் பல சமூகத்தாரும் கலந்து நின்ற அணி மதராஸ் சாப்பர்கள்.

குணத்தில் இவர் பிறரை எரிச்சலூட்டுபவராக இருப்பது இயல்பு. எதையும் எண்ணுவார். அழகான திட்டத்தைக் கேட்டதும் தண்ணீர் எங்கே, மாட்டுக்குத் தீனி எங்கே என்பார். காது சற்று மந்தம், வெடியோடு பழகியதன் பலன். மந்திரவாதி இருக்கும் உலகத்தில் இவருக்கு வேலை போய்விடும் என்று சிலர் வாதிடுவதுண்டு. ஒரு மந்திரச் சொல்லில் மதில் விழலாம். ஐயாயிரம் பேரும் அவர்கள் அரிசியும் சேற்றைக் கடந்து அந்த மதிலடிக்குப் போய்ச் சேர ஒவ்வொரு நாளும் ஒரு மந்திரம் வேண்டும், மந்திரவாதிக்கும் தூக்கம் உண்டு. பறக்கும் எதிரி வருகிற உலகத்தில் பள்ளத்துக்குக் கூரையும் வேண்டும். அப்போது மரத்தின் தேவை இரண்டு மடங்காகும். இதை முன்கூட்டியே கணக்கிடுபவரும் இவர்தான்.

இவருக்கான சிக்கலை ஆட்டத்தை நடத்துபவர் ஏரியில் வைப்பது நல்லது. எதிரி தாழ்நிலத்தில் முகாமிட்டிருக்கிறார். மேலே நிறைந்த ஏரி. மதகை ஒட்டிக் கரையை வெட்டினால் விடிவதற்குள் முகாம் மூழ்கும், போரும் முடியும். எங்கே வெட்ட வேண்டும், எத்தனை ஆள், எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம், ஏனென்றால் அதே கரையைக் கட்டிக் காத்த குடும்பம் அவருடையது. வெட்டினால் கீழே உள்ள ஊர்களுக்கு அந்த ஆண்டு நெல் இல்லை. உடைந்த கரையை அடைத்து ஏரி மறுபடி நிரம்ப எத்தனை பருவம் ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். தளபதிக்குத் தெரியாது, தெரிந்தாலும் அது அவர் கணக்கில் வராது. ஆகவே கட்டளை வந்ததும் ஆட்டக்காரர் பகடையைக் கையில் எடுக்கும் முன் ஒரு மாற்று வழி சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும்: கலங்கலை மட்டும் தாழ்த்தி வழியைச் சேறாக்கலாம், எதிரியின் பீரங்கிகள் நகராது, கரை நிற்கும். அதற்கு மூன்று இரவு பிடிக்கும், அறுபது ஆள் வேண்டும். தளபதி ஒத்துக்கொள்வாரா என்பதைப் பகடை தீர்மானிக்கட்டும்.